மேர்ள் ஒபரோன்: பொய் யாருடையது?

2023ஆம் ஆண்டில் மிஷெல் யோ சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றபோது, அவ்விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதலாவது ஆசியப் பெண் அவரே என்று சில பத்திரிகைகள் எழுதின. வேறு சில, தம்மை ஆசியர் என்று வெளிப்படக் கூறிக்கொண்டவர்களுள் அவரே முதல்வர் என்று நுணுக்கமாகத் திருத்தி எழுதின. இத்திருத்தத்தை அவசியமாக்கியவர், எண்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்னர், 1936இல், அதே விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட மேர்ள் ஒபரோன் என்னும் நடிகையாவார். பம்பாயிலே பிறந்து, இலங்கைப் பெண் ஒருத்தியினால் வளர்க்கப்பட்ட அவர், தாம் தஸ்மேனியத் தீவிலே வெள்ளையர் குடும்பமொன்றிற் பிறந்தவர் என்ற கதையைத் தம் திரைவாழ்வு முழுவதும் சுமந்து திரிந்தார். 1979இல் அவர் இறந்து, 1983இல் சார்ள்ஸ் ஹைகம், றோய் மோஸ்லி ஆகிய இருவரும் எழுதிய வாழ்க்கை வரலாறு வெளிவந்த பின்னரே உண்மை உலகறிந்ததாயிற்று.

அன்று தொட்டு இவர்மீது இரு தீர்ப்புகள் வழங்கப்பட்டு வருகின்றன. தம் பிறப்பை விற்றுப் புகழை வாங்கிய பொய்யர் இவர் என்பது முதலாவது. இவர் எம்மவர், ஹொலிவூட்டை வென்ற எம் மண்ணின் மகள் என்பது இரண்டாவது. முன்னவர் அறத்தின் பேராலும் பின்னவர் பெருமையின் பேராலும் பேசுகின்றனர். இரு தீர்ப்புகளும் பிழையானவை என்பதும், இரண்டும் ஒரே இடத்திலேயே வழுக்கி விழுகின்றன என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும். பொய்யைச் சொன்ன வாயை இரு சாராரும் பார்க்கின்றனர்; அப்பொய்யை விலை கொடுத்து வாங்கிய சந்தையை இரு சாராருமே பார்ப்பதில்லை.

முதலிற் செய்திகளை நோக்குவோம். எஸ்தெல் மேர்ள் தொம்ப்சன் 1911 பெப்ரவரி 19ஆம் திகதி பம்பாயிற் பிறந்தார். தாயாக நின்று அவரை வளர்த்தவர் இலங்கையைச் சேர்ந்த யூரேசியப் பெண்ணான சார்லொட் செல்பி. சார்லொட்டின் மகளாகிய கொன்ஸ்ரன்ஸ், மேர்ளின் தமக்கை எனப்பட்டார். உண்மையில் மேர்ளைப் பெற்றவர் கொன்ஸ்ரன்சே. பெற்றபோது அவர் குழந்தைப் பருவம் நீங்காத சிறுமி. தந்தை, இந்தியப் புகையிரதத் துறையிற் பணிபுரிந்த ஆர்தர் தொம்ப்சன் என்னும் ஆங்கிலேயர். கொன்ஸ்ரன்சின் பிறப்பும் இவ்வகைப்பட்டதே. சார்லொட் தாமும் சிறுமியாக இருந்த காலத்திலே, தேயிலைத் தோட்டமொன்றின் மேற்பார்வையாளராக இருந்த ஐரிஷ்காரர் ஒருவரால் தாயாக்கப்பட்டார். இரு தலைமுறைகளிலும் பிள்ளை பெற்றவர்கள் பிள்ளைகளே. இரு தலைமுறைகளிலும் தந்தை வெளியிலிருந்து வந்த வெள்ளையர். மேர்ள் மறைத்த 'வேர்' என்று சொல்லப்படுவது இதுதான். இதனை ஒரு நடிகையின் குடும்ப இரகசியம் என்பதிலும் பார்க்கக் குடியேற்ற ஆட்சியின் குடும்ப இரகசியம் என்பதே பொருந்தும்.

1917இல் குடும்பம் கல்கத்தாவுக்குப் பெயர்ந்தது. அங்கு பெயர்பெற்ற பாடசாலையொன்றிற் சேர்ந்த சிறுமி, தன் கலப்புப் பிறப்பின் பொருட்டு ஏளனத்துக்கு ஆளாகிப் பாடசாலையை விட்டு விலகினாள். பின்னர் தொலைபேசி நிலையத்தில் வேலை. ஓய்வு நேரத்தில் பயில்முறை நாடகம். 1928இல் ஐரோப்பாப் பயணம். லண்டனிலே சிறு சிறு வேடங்களில் தோன்றிய இப்பெண்ணைக் கண்டெடுத்தவர் தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டா. 1933இல் வெளிவந்த 'எட்டாம் ஹென்றியின் அந்தரங்க வாழ்க்கை' என்னும் படத்தில் ஆன் பொலினாகச் சில நிமிடங்களே தோன்றிய மேர்ள், மறு ஆண்டில் 'த ஸ்கார்லெட் பிம்பெர்னல்' படத்தின் கதாநாயகியானார். தஸ்மேனியாக் கதையும் இக்காலத்திலேயே விளம்பரக்காரரின் மேசையில் உருவாயிற்று. தஸ்மேனியா பிரித்தானியப் பேரரசுக்கு உட்பட்டது. வெள்ளையர் குடியேறிய இடம். லண்டனிலிருந்து எவரும் எளிதிற் சென்று விசாரிக்க முடியாத தூரத்தில் உள்ளது. பொய்க்கு வேண்டிய இலக்கணங்கள் யாவும் அதற்குப் பொருந்தின. கதையின் பின்னால் நின்ற கோர்டாவும் கெல்னர் என்ற தம் குடும்பப் பெயரைக் கைவிட்ட ஹங்கேரிய யூதர். பெயரையும் பிறப்பையும் பண்டத்துக்கு ஒட்டும் சீட்டாகக் கருதும் ஒரு தொழிலினுள்ளேதான் இப்பெண் கால்வைத்தார்.

இந்தியாவிற் பிறந்ததை அக்காலத்தில் ஒரு நடிகை சொல்லவே முடியாதா என்று எவரேனும் வினவலாம். தாராளமாகச் சொல்லலாம். விவியன் லீ 1913இல் டார்ஜிலிங்கிற் பிறந்தவர். அதனை அவர் மறைக்கவில்லை. மறைக்கும்படி எவரும் கேட்கவுமில்லை. மலைநகரமொன்றிற் பிறந்த பிரித்தானியப் பெற்றோரின் மகள் என்பது அவருடைய வரலாற்றுக்கு மெருகாகவே அமைந்தது. பம்பாய்க்கும் டார்ஜிலிங்குக்கும் இடையில் உள்ள வேறுபாடு பூகோள வேறுபாடன்று. ஒருவர் மறைக்க வேண்டியிருந்தது ஊரை அன்று, தாயை. இந்த ஒன்றை விளங்கிக்கொண்டோமாயின் 'பிறந்த மண்ணை மறுத்தவர்' என்னும் குற்றச்சாட்டு எவ்வளவு மேலோட்டமானது என்பது தெளிவாகும். மண் எவருக்கும் இடைஞ்சலாயிருக்கவில்லை. அம்மண்ணின் பெண்ணொருத்தியின் வயிற்றிற் பிறந்ததே இடைஞ்சலாயிருந்தது.

அடுத்து, மேர்ள் சென்றடைந்த நாட்டின் சட்டங்களைப் பார்ப்போம். ஐக்கிய அமெரிக்காவின் 1917ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியைத் தடைசெய்யப்பட்ட வலயமாக வகுத்தது. 1923இல், முதலாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படையிற் பணிபுரிந்த பகத்சிங் திண்ட் என்பவரின் வழக்கில், இந்தியர் 'வெள்ளையர்' என்ற சொல்லுள் அடங்கார், ஆதலாற் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946இலேதான் இந்தியருக்குக் குடியுரிமை பெறும் வழி திறந்தது. அதுவும் ஆண்டுக்கு 100 பேர் என்ற அளவிலேயே குடிவரவு அனுமதிக்கப்பட்டது. திரைத்துறையோ 1930இல் தனக்கென ஒரு தணிக்கை விதித்தொகுதியை வகுத்து, 1934 முதல் அதனைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தியது. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையிலான உறவைத் திரையிற் காட்டலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று; நடைமுறையில் அதன் நிழல் ஆசியர்மீதும் விழுந்தது. கதாநாயகியின் வேலையாவது கதாநாயகனைக் காதலிப்பதே என்றிருந்த ஒரு கலைத்துறையில், வெள்ளைக் கதாநாயகனைக் காதலிக்கக்கூடாதவர் கதாநாயகியாக முடியாது. மேர்ள் 1936இற் பரிந்துரை பெற்ற 'த டார்க் ஏஞ்சல்' என்னும் படத்தில் அவர் ஏற்றது இரு ஆங்கில இளைஞரால் காதலிக்கப்படும் ஆங்கிலப் பெண்ணின் பாத்திரம். உண்மையைச் சொல்லியிருந்தால் அப்பாத்திரமும் இல்லை, பரிந்துரையும் இல்லை. அறம் பேசுவோர் இதற்கு என்ன மறுமொழி கூறுவர்?

ஒரு மறுமொழி அவர்களிடம் உண்டு. மறைக்காது வாழ்ந்தவர்களும் இருந்தனரே என்பர். உண்மை; இருந்தனர். 1905இல் லொஸ் ஏஞ்சல்சிற் பிறந்த சீன வம்சாவளி நடிகை அன்னா மே வொங்கை எடுத்துக்கொள்வோம். மறைப்பதற்கு அவருடைய முகமே இடந்தரவில்லை. 'த ரோல் ஒஃப் த சீ' (1922), 'ஷங்காய் எக்ஸ்பிரஸ்' (1932) முதலான படங்களில் தம் ஆற்றலை நிறுவிய இவர், பேர்ள் பக்கின் நாவலைத் தழுவி 1937இல் வெளிவந்த 'த குட் ஏர்த்' படத்தின் சீனக் கதாநாயகி பாத்திரத்தை விரும்பினார். அப்பாத்திரம் ஜேர்மனியிற் பிறந்த லூயிஸ் ரைனருக்கு அளிக்கப்பட்டது. கதாநாயகனாகிய சீன விவசாயியாக நடித்தவர் போல் மியூனி என்னும் வெள்ளையர். ரைனர் அப்பாத்திரத்துக்காக ஒஸ்கார் விருதும் பெற்றார். 1940இல் ஹற்றி மக்டானியல் 'கோன் வித் த விண்ட்' படத்தில் நடித்தமைக்காக அவ்விருதைப் பெற்ற முதற் கறுப்பினத்தவரானார். அவ்விருது விழாவிலே சக நடிகர்களின் மேசையில் அவருக்கு இடமிருக்கவில்லை, வேறோர் மூலையில் அமர்த்தப்பட்டார். நேர்மைக்கு ஹொலிவூட் அளித்த பரிசு இவ்வாறானது. வொங், மக்டானியல் ஆகியோரின் துணிவைப் போற்றுவது எம் கடமை. ஆனால் அத்துணிவைக் கோலாக எடுத்து மேர்ளை அடிப்பவர், அவ்விருவரையும் அடித்த கையைப் பற்றி வாய்திறப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இன்னொரு செய்தி இப்பொய்யின் உண்மையான தன்மையை வெளிப்படுத்துவது. 1934இல் 'த பற்றில்' என்னும் படத்தில் மேர்ள் ஒரு ஜப்பானியச் சீமாட்டியாக நடித்தார். ஆசியக் குருதியுள்ள பெண் வெள்ளைப் பெண்ணாக அறிவிக்கப்பட்டு, அவ்வெள்ளைப் பெண் ஒப்பனையினால் ஆசியப் பெண்ணாக்கப்பட்டார்! ஆசியத் தோற்றம் திரைக்கு வேண்டியிருந்தது, ஆசியர்தாம் வேண்டியிருக்கவில்லை. 1939இல் வில்லியம் வைலர் நெறியாண்ட 'வதறிங் ஹைற்ஸ்' படத்திலே இம்முரண் உச்சத்தை அடைகிறது. எமிலி புரொண்டேயின் நாவலில் ஹீத்கிளிஃப் கருநிறம் படைத்தவன், ஊர்பேர் தெரியாதவன். அவன் ஆசியக் கப்பற்றொழிலாளியின் பிள்ளையாக இருக்கலாமோ என்று ஒரு பாத்திரம் ஐயுறுவதும் நாவலில் உண்டு. கதரீனோ யோக்ஷயர் நாட்டுப்புறத்து ஆங்கிலப் பெண். படத்தில் ஹீத்கிளிஃப்பாக நடித்தவர் லோறன்ஸ் ஒலிவியர். கதரீனாக நடித்தவர் மேர்ள். நிறத்தின் பொருட்டுத் தள்ளிவைக்கப்பட்டவனாக ஆங்கிலேயர் நடிக்க, அவனைத் தள்ளிவைக்கும் குடும்பத்துப் பெண்ணாக, உண்மையிலே அப்பயத்துடன் வாழ்ந்தவர் நடித்தார். தாழ்ந்தவனை மணந்தால் தன் தரம் குறையுமே என்று கதரீன் கலங்கும் காட்சியை இதை அறிந்த பின் மறுபடி பார்ப்பவர், அந்நடிப்பைக் 'குளிர்ந்த அழகு' என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட மாட்டார். மேர்ளின் நடிப்பிற் காணப்படும் அடக்கம் அவருடைய குறை என்று விமரிசகர் பலர் கருதினர். எந்நேரமும் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டியிருந்த ஒருவரின் அடக்கம் அது என்று கொள்வதற்கும் இடமுண்டு.

அவருடைய முகம் பட்டபாடும் இதனோடு சேர்த்தே எண்ணத்தக்கது. 1940இல் ஒப்பனைப் பொருட்களின் நச்சுத்தன்மையாலும் மருந்தின் ஒவ்வாமையாலும் அவருடைய தோல் பழுதுற்று, அதனைச் சீராக்கப் பலமுறை சிகிச்சை செய்ய நேர்ந்தது. 1944இல் வெளிவந்த 'த லொட்ஜர்' படத்தின் படப்பிடிப்பின்போது, பின்னர் அவருடைய கணவரான ஒளிப்பதிவாளர் லூசியன் பலார்ட், கமராவின் அருகே பொருத்தி முகத்தின் வடுக்களை ஒளியினால் அழிக்கும் விளக்கொன்றை அமைத்தார். 'ஓபி' என்று அவருடைய பெயராலேயே அவ்விளக்கு இன்றும் வழங்குகிறது. ஒரு நடிகையின் பெயர் தொழிற்கலைச் சொல்லாக நிலைத்திருப்பது, முகத்தை வெளுக்கச் செய்யும் ஒரு கருவியின் வழியாக!

திரையில் வாய்ப்புகள் குறைந்தபோது ஏனைய பல நடிகையரைப் போல அவரும் தொலைக்காட்சிக்குச் சென்றார். 1956-57 காலப்பகுதியில் ஒளிபரப்பான 'அசைன்மென்ற் ஃபொறின் லீஜன்' என்னும் தொடரில், பிரெஞ்சு அந்நியர் படையின் வீரக்கதைகளை அறிமுகஞ்செய்யும் பத்திரிகையாளராக அவர் தோன்றினார். அல்ஜீரிய மக்கள் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக 1954இற் தொடங்கிய விடுதலைப் போர் அவ்வேளையிலே உச்சத்தில் இருந்தது. குடியேற்ற ஆட்சியின் கீழ் அவமானப்பட்டுப் பிறந்து வளர்ந்த பெண்ணின் குரல், குடியேற்றப் படையொன்றின் புகழைப் பார்வையாளரின் வரவேற்பறைகளிற் பரப்பியது. பொய்யின் முழு விலை இங்கேதான் தெரிகிறது. அது தாயின் பெயரை விழுங்கியதோடு நிற்கவில்லை. யாருடைய பக்கத்தில் நின்று கதை சொல்வது என்னும் தெரிவையும் சேர்த்தே விழுங்கிவிட்டது.

இவ்வளவு கூறியதனால் மேர்ளைக் குற்றமற்றவர் என்று விடுவிப்பது எம் நோக்கமாகாது. சந்தையின்மீது முழுப்பழியையும் ஏற்றி மனிதரை விடுவிக்கும் விமரிசனமும் ஒருவகைச் சோம்பலே. உலகத்துக்குச் சொன்ன பொய் வேறு. வீட்டினுள்ளே நடந்தது வேறு. லண்டனில் மேர்ளுடன் வாழ்ந்த சார்லொட், விருந்தினர் முன்னிலையிற் பணிப்பெண்ணாகவே காட்டப்பட்டார். பெற்ற மகளின் மானத்தைக் காக்கப் பேத்தியைத் தன் மகளாக ஏற்று வளர்த்த அப்பெண், அப்பேத்தியின் புகழைக் காக்க அவளுடைய வேலைக்காரியானார். 1937இல் அவர் இறந்தார். பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னர், 1949இல், பழைய நிழற்படமொன்றைக் கொடுத்து, சார்லொட்டின் ஓவியத்தை வரையும்படி மேர்ள் ஓர் ஓவியரைப் பணித்தார். தோலின் நிறத்தை வெளிறச் செய்யும்படியும் பணித்தார். அவ்வோவியம் அவர் வாழ்ந்த வீடுகளில் எல்லாம் சுவரில் இருந்தது. தாயை நினைக்கவும் வேண்டும், நினைப்பது தாயாக இருக்கவும் கூடாது! இவ்வோவியத்தின் முன் நின்று இரங்காதிருப்பது கடினம். குற்றம் காணாதிருப்பதும் கடினம். சட்டம் இதைக் கேட்கவில்லை, ஸ்ரூடியோவும் கேட்கவில்லை. வெளியார் விதித்த பொய் உள்ளே நுழைந்து, தனிமையிலும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்ததற்கு இது சான்று. மேர்ளின் கணக்கில் எழுதப்படவேண்டிய கடன் இது ஒன்றே. அது சார்லொட்டுக்கு உரியது, எமக்கு உரியதன்று.

இனி, உரிமை கொண்டாடுவோரிடம் வருவோம். மேர்ளுக்கு உரிமை கொண்டாடுவோர் எம் பிராந்தியத்தில் மாத்திரம் இல்லை. தஸ்மேனியாவிலும் உண்டு. அங்கு வாழ்ந்த சீன வம்சாவளிப் பெண்ணொருத்தியின் மகளே மேர்ள் என்னும் கதை அத்தீவில் வேரூன்றிவிட்டது. 2002இல் மரி டெலொவ்ஸ்கி எடுத்த 'த ட்ரபிள் வித் மேர்ள்' என்னும் விவரணப்படம் இதனை விரிவாகக் காட்டுகிறது. விளம்பரக்காரர் விதைத்த பொய்யொன்று மக்களின் வாய்மொழி வரலாறாகவே முளைத்துவிட்டது. புகழ்பெற்ற ஒருவரை எம்மவர் என்று சொல்வதில் உள்ள இன்பம் உண்மையிலும் வலியது போலும். அவ்வின்பம் எமக்கும் பொதுவானதே. இலங்கைப் பெண்ணின் பேத்தி என்று மார்தட்டுவோரிடம் ஒன்றைக் கேட்போம்: சார்லொட் செல்பியின் பெயரை உங்களுள் எத்தனை பேர் அறிவீர்கள்? பேத்தி ஒஸ்கார் பரிந்துரை பெற்றிராவிடின் பாட்டியின் கதை எமக்கு எதற்கு?

1954இல் வெளிவந்த 'எலிஃபன்ற் வோக்' என்னும் ஹொலிவூட் படம் எம் நாட்டில் எடுக்கப்பட்டது. தேயிலைத் தோட்டத்துத் துரையொருவரின் மனைவியைப் பற்றிய கதை. முதலில் விவியன் லீயும், அவர் நோயுற்ற பின்னர் எலிசபெத் டெய்லரும் அம்மனைவியாக நடித்தனர். மாளிகையின் தனிமை, யானைக் கூட்டம், கொள்ளைநோய் எல்லாம் அதில் உண்டு. தோட்டத்து அதிகாரியால் தாயாக்கப்பட்ட உள்ளூர்ச் சிறுமியின் கதை அதில் இல்லை. சார்லொட்டைப் போன்றவர்களுக்குத் திரையில் இடமிருந்ததாயின் அது பின்னணியில் நிற்கும் கூட்டத்திலேதான். பேத்தி திரையின் நடுவில் நிற்பதற்குப் பாட்டியைத் துறக்க வேண்டியிருந்தது ஏன் என்னும் வினாவுக்கு இதைவிட நேரான விடை வேறில்லை.

அவ்வாறே, வெள்ளை நிறத்தை விலையாகக் கேட்ட சந்தை ஹொலிவூட்டில் மாத்திரமே இருந்தது என்று நாம் பாசாங்கு செய்வதும் ஆகாது. மணமகள் தேடும் விளம்பரங்களில் நிறத்தைக் குறிப்பிடும் சமூகமும், நிழற்படத்தை வெளிறச் செய்து அனுப்பும் சமூகமும் எவை என்பதை இதனைப் படிப்போர் அறிவர். மேர்ள் ஓவியரிடம் சொன்னதை நாம் நிழற்படக் கலைஞரிடம் சொல்கிறோம். அப்படியிருக்க அவரைப் பொய்யர் என்று பழிக்க எமக்கு எங்கிருந்து உரிமை வந்தது?

1978இல் மேர்ள் ஹோபார்ட் நகருக்கு அழைக்கப்பட்டார். தம் நகரின் புகழ்பெற்ற புதல்விக்கு நகர முதல்வர் வரவேற்பு அளித்தார். உடல்நலம் சரியில்லை என்று கூறி மேர்ள் அவ்வரவேற்பிலிருந்து விலகிக்கொண்டார். மறு ஆண்டு நவம்பரில் அவர் காலமானார். தாம் பிறவாத ஊர் தம்மைத் தன் மகளெனக் கொண்டாடுவதை, அறுபத்தேழு வயதில் நேரே நின்று காணும் நிலைமை அவருக்கு ஏற்பட்டது. அவ்வேளையில் அவர் பொய் சொல்லும் நடிகையாக இருந்தாரா, பொய்யினால் நடிக்க வைக்கப்பட்டவராக இருந்தாரா என்பதைத் தீர்ப்பெழுத விரைவோர் சற்றே நின்று சிந்திப்பது நன்று.

எனவே, மேர்ள் ஒபரோனைப் பற்றி எழுதும்போது 'மறைத்தார்' என்று முடிக்கும் வாக்கியத்தை நாம் கைவிட வேண்டும். யார் கேட்டதனால் மறைத்தார், மறையாதவருக்கு என்ன நேர்ந்தது, மறைத்ததனால் எவர் இழந்தார் என்னும் மூன்று வினாக்களையும் சேர்த்தே அவ்வாக்கியம் எழுதப்பட வேண்டும். முதல் வினாவுக்குச் சட்டப் புத்தகங்களும் ஸ்ரூடியோக்களும் மறுமொழி சொல்லட்டும். இரண்டாவதற்கு அன்னா மே வொங்கின் வாழ்க்கை மறுமொழி சொல்கிறது. மூன்றாவதற்கு மறுமொழி சொல்லவேண்டியவர் சார்லொட். அவரைப் பற்றி எம் நாட்டில் இன்னும் எவரும் முறையாக ஆராய்ந்து எழுதியதாகத் தெரியவில்லை. எம்மவர் என்று உரிமை கொண்டாட விரும்புவோருக்கு வேலை அங்கேதான் காத்திருக்கிறது.